ஓசா ஏவுகணைப் படகு: தண்ணீரில் ஓடும் மாதிரி கட்டுவது எப்படி

1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கப் போன இந்தியக் கடற்படையின் நிபாத், நிர்காட், வீர் மூன்றும் சோவியத் கட்டிய ஓசா-1 ரகப் படகுகள். நீளம் 38.6 மீட்டர், அகலம் 7.6 மீட்டர். 1:50 அளவில் 77 செ.மீ., 15 செ.மீ. வரும்; குளத்தில் ஓட்டத் தோதான அளவு.

கத்தியை எடுக்கும் முன் எடைக் கணக்கு. நீளம் 50-இல் ஒரு பங்கானால் எடை 1,25,000-இல் ஒரு பங்கு. நிஜப் படகு முழுச் சுமையோடு சுமார் 209 டன். ஆகவே மாதிரி 1,670 கிராமைத் தாண்டக் கூடாது. உடலுக்கு 550, இரண்டு மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), சர்வோவுக்கு (சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டார்) 350, பேட்டரிக்கு 120, மேல்கட்டுக்கு 250. மீதி 400 கிராமும் ஈயமாக அடியில் கிடக்கட்டும்.

3 மி.மீ. ப்ளைவுட்டில் குறுக்குச் சட்டங்களை வெட்டி, 5 செ.மீ.க்கு ஒன்றாக, தட்டையான பலகைமேல் தலைகீழாக நிறுத்துங்கள். 2 மி.மீ. பால்சா (மிக லேசான மரம்) பட்டைகளை இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உடல் முறுக்கிக்கொள்ளும். பிறகு எந்த உப்புத்தாளும் அதை நிமிர்த்தாது. மேலே ஒரு சுற்று மெல்லிய ஃபைபர் துணியும் எப்பாக்சியும் போதும்.

புரொப்பல்லர் தண்டு மூன்று. வெளி இரண்டுக்கு மட்டும் மோட்டார் கொடுத்து எதிரெதிர்த் திசையில் சுழல விடுங்கள். ஒரே திசையில் சுற்றினால் படகு ஒருபக்கம் சாயும். நடு புரொப்பல்லர் தண்ணீர் இழுப்பில் தானாகச் சுற்றட்டும், இறுக்கிப் பூட்டினால் பிரேக் போட்ட மாதிரிதான்.

பலர் கோட்டை விடுவது ஏவுகணைக் கூடுகளில். உருளை வடிவம் பின்னால் வந்த ஓசா-2-க்கு உரியது. 1971 படகுகளில் இருந்தவை கதவு வைத்த பெட்டிகள். நான்கு கூடுகளில் பின்னவை இரண்டும் சற்று உயரத்தில் இருக்கும், முன்னவற்றின் தலைக்குமேல் சுட வேண்டுமே! இவற்றை ப்ளைவுட்டில் செய்யாதீர்கள், பாரம் மேலேறிவிடும். அரை மி.மீ. பிளாஸ்டிக் தாளில் ஒன்று 25 கிராமுக்குள் முடியும்.

வண்ணம் பூசுமுன் தொட்டியில் மிதக்கவிட்டு, 30 டிகிரி சாய்த்து விடுங்கள். சட்டென நிமிர வேண்டும். சோம்பலாக எழுந்தால் ஈயத்தைக் கூட்டாதீர்கள், மேல்கட்டில் எடையைக் குறையுங்கள்.

வேகம் 50-இல் ஒரு பங்காக அல்ல, 50-இன் வர்க்கமூலத்தால் (சுமார் 7) குறையும். ஆகவே நிஜப் படகின் 38 நாட் (மணிக்குச் சுமார் 70 கி.மீ.) வேகம் இந்த அளவில் மணிக்கு 10 கி.மீ.தான். அதற்குமேல் ஓட்டினால் அலை பொம்மைபோல் தெரியும்.