ரிவ்யூவருக்குப் பதில் எழுதுவது எப்படி?

ஆய்வுக் கட்டுரையை அனுப்பிய ஜர்னலிலிருந்து ‘மேஜர் ரிவிஷன்’ (பெரிய திருத்தங்கள் தேவை) என்று மெயில் வந்தால் இடிந்துபோக வேண்டாம். கட்டுரை வேண்டாம் என்றால் எடிட்டர் அப்போதே நிராகரித்திருப்பார். ஆனால் அன்றைக்கே பதில் எழுத உட்காராதீர்கள். எரிச்சல் வரிகளில் தெரிந்துவிடும்.

முதலில் ரிவ்யூவர்கள், அதாவது கட்டுரையை மதிப்பிடும் துறை நிபுணர்கள், சொன்ன கருத்துகள் அனைத்தையும் ஒரு சொல் விடாமல் தனி ஃபைலில் ஒட்டுங்கள். ஒரே பத்தியில் மூன்று கேள்விகள் இருந்தால் 1.1, 1.2, 1.3 என்று பிரித்து எண் போடுங்கள். பத்தி நடுவில் ஒளிந்திருக்கும் கேள்விதான் பெரும்பாலும் விட்டுப்போகும். அடுத்த சுற்றில் அதுவே திரும்பி வரும்.

ஒவ்வொன்றின் கீழும் நேரடிப் பதில், செய்த மாற்றம், அது இருக்கும் இடம் ஆகிய மூன்றும் வேண்டும். ‘சரிசெய்துவிட்டோம்’ என்பது பதிலே அல்ல. மாதிரிகளின் எண்ணிக்கையைக் கேட்டிருந்தால் இப்படி இருக்கலாம்: ‘ஒவ்வொரு வெப்பநிலையிலும் 5 மாதிரிகளை அளந்தோம். படம் 3-இன் பிழைக்கோடுகள் திட்ட விலக்கத்தைக் காட்டுகின்றன. பக்கம் 6, வரி 142-இல் சேர்த்துள்ளோம்.’ சேர்த்த வரியையும் பதிலிலேயே ஒட்டிவிட்டால் ரிவ்யூவர் கட்டுரையைப் புரட்டித் தேட வேண்டியதில்லை. வரி எண்களைக் கடைசியாகப் போடுங்கள். நடுவில் ஒரு வாக்கியம் கூடினாலும் எல்லாம் நகர்ந்துவிடும்.

ரிவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டாரா? அந்த இடத்தில் உங்கள் எழுத்து குழப்பியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வாக்கியத்தைத் திருத்துங்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் கூடாது. கேட்ட சோதனை உங்கள் முடிவுக்குத் தேவையில்லை என்றால் காரணத்தோடு மறுக்கலாம். தேவைதான், ஆனால் செய்ய வழியில்லை என்றால் கட்டுரையில் அந்தக் குறையை எழுதி, முடிவையும் அந்த அளவுக்குச் சுருக்குங்கள். ‘எங்களிடம் கருவி இல்லை’ என்பது மட்டும் எடுபடாது.

இரண்டு ரிவ்யூவர்கள் எதிரெதிராகச் சொன்னால் ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்பதை எடிட்டருக்கான கடிதத்தில் சொல்லுங்கள். சம்பந்தமில்லாத கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி ஒருவர் வற்புறுத்துவதும் உண்டு. அதையும் அங்கேயே நிதானமாகக் குறிப்பிடுங்கள்.

மாற்றம் தெரியும் பிரதி, சுத்தப் பிரதி இரண்டும் அனுப்புங்கள். மாற்றங்களைக் குறித்துக்காட்ட வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் வசதி, லேட்டெக்கில் (LaTeX) எழுதினால் லேட்டெக்ஸ்டிஃப் (latexdiff) கருவி போதும். எழுதியவர் யார், ரிவ்யூவர் யார் என்று இருவருக்குமே தெரியாத இரட்டை மறைவு மதிப்பாய்வு என்றால் ட்ராக் சேஞ்சஸ் குறிப்புகளில் உங்கள் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கெடு போதாதென்றால் அது முடியும் முன்பே எடிட்டருக்கு மெயில் போடுங்கள். கெடு தாண்டிவிட்டால் சில ஜர்னல்கள் புதுக் கட்டுரையாகக் கணக்கிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.