ஒட்டுப்பசை குழாயிலேயே இறுகிவிடாமல் பாதுகாத்தல்

பசையை எடுத்துவைப்பதற்கு முன் அது எதனால் இறுகுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்துக்கும் காகிதத்துக்கும் பயன்படும் வெள்ளைப் பசை, தன்னிடமுள்ள நீர் வெளியேறுவதால் காய்கிறது. ரப்பர் பசை, அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் காய்கிறது. ஒரே துளியில் ஒட்டிவிடும் சூப்பர் க்ளூவோ எதையும் இழந்து இறுகுவதில்லை. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரம் பட்டவுடன் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே இழுப்பறையில் போட்டு வைப்பதே பெரும்பாலான இழப்புக்குக் காரணம்.

சூப்பர் க்ளூதான் மிகுந்த கவனத்தைக் கோருவது. முதன்முறை திறக்கும்போதே முனையில் இயன்றவரை சிறிய துளையிட வேண்டும். வேலை முடிந்ததும் குழாயை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல், அதன் அடிப்பகுதியை மேசைமீது மெல்லத் தட்டினால் முனையில் தங்கிய பசை கீழே இறங்கிவிடும்; பிறகு நுனியை உலர்ந்த காகிதத்தால் துடைத்து உடனே மூடலாம். பஞ்சையோ பருத்தித் துணியையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பருத்தி இழையோடு இப்பசை வேகமாக வினைபுரிந்து, தோலைச் சுடும் அளவுக்கு வெப்பத்தை எழுப்பக்கூடும். மூடிய குழாயைக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன், நிமிர்ந்த நிலையில் வைக்க வேண்டும். புதிய காலணி, கைப்பை போன்றவற்றுடன் வரும் பொட்டலங்களே இதற்குப் போதும்.

புட்டியோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பசை இன்னும் நீண்ட காலம் தாங்கும். உணவுப் பொருள்களிலிருந்து தள்ளியும் குழந்தைகளுக்கு எட்டாமலும் வைப்பது அவசியம். ஆனால் வெளியே எடுத்ததும் திறந்துவிடக் கூடாது. குளிர்ந்த குழாயின்மீது காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியும். அந்த ஈரம் உள்ளே போனால் குளிரில் வைத்ததன் பயன் முழுவதும் வீணாகிவிடும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை புட்டியையும் மூடியே வைத்திருக்க வேண்டும். முனை அடைத்துக்கொண்டால், ஊசியால் குத்தி அடைப்பை உள்ளே தள்ளுவதைவிட, இறுகிய நுனியை மட்டும் கத்தியால் மெல்லியதாகச் சீவிவிடுவதே நல்லது.

வெள்ளைப் பசைக்குக் குளிர் ஆகாது. உறைந்துவிட்டால் அதில் மிதக்கும் துகள்கள் திரண்டு கட்டியாகி, மீண்டும் உருகினாலும் பழைய பதத்துக்கு வராமல் போகலாம். இதற்குத் தேவை, நீர் வெளியேறாத இறுக்கமான மூடிதான். புட்டி வாயின் மரையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் மூடி சரியாகப் பொருந்தும். வாய்க்கும் மூடிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து மூடினால் இன்னும் நல்லது. பாதிக்குமேல் தீர்ந்த பசையைச் சிறிய புட்டிக்கு மாற்றினால் உள்ளே நிற்கும் காற்றின் அளவு குறையும். சற்றே கெட்டியான பசையில் சில துளி நீர் விட்டுக் கலக்கலாம். அதிகமானால் ஒட்டும் வலு குறைந்துவிடும். திரிந்து நூலாக இழுபடும் பசையையோ, புளித்த நாற்றம் அடிக்கும் பசையையோ காப்பாற்ற முயல்வதில் பொருளில்லை.

ரப்பர் பசை டப்பாவிலும் விளிம்பைத் துடைத்த பின்பே மூடியை அழுத்த வேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பு, விளக்கு, நேரடி வெயில் ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது. கெட்டியானால் நீர் சேர்த்துப் பயனில்லை. தயாரிப்பாளர் குறிப்பிடும் கரைப்பானை மட்டுமே சேர்க்க வேண்டும்.

பிசின் ஒன்றிலும் அதை இறுகச் செய்யும் பொருள் மற்றொன்றிலுமாக இரண்டு குழாய்களில் வரும் எபாக்சி பசையில் மூடிகளை மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்றின் மூடியில் ஒட்டியிருக்கும் சிறிதளவு, மற்றதன் வாயோடு கலந்து இறுகி, மூடியைத் திறக்க முடியாமல் செய்துவிடும். பிசினில் வெண்மையான படிகங்கள் தோன்றினால் அது கெட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. மூடிய குழாயை வெந்நீரில் நிறுத்தி வைத்தால் படிகங்கள் கரைந்து பழையபடி தெளியும்.