குரூக்ஹேவன் துறைக்குள் பாய்ப்படகில் நுழைந்து நங்கூரம் பாய்ச்சுவது எப்படி?

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கார்க் மாவட்டம் விரல் விரலாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதில் ஒரு விரலின் நுனியில், மிஸன் முனைக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கும் சிற்றூர் குரூக்ஹேவன். தண்ணீரோரம் வீடுகள், ஒரு பப், ஒரு சின்னப் படகுத்துறை, அவ்வளவுதான் ஊர். ஆனால் அதன் முன்னால் கிடக்கும் தண்ணீர் அருமையானது. தெற்கே ஒரு மேட்டு நிலம் அட்லாண்டிக்கைத் தடுத்து நிற்க, கடல் கிழக்கிலிருந்து நுழைந்து மேற்கு நோக்கி நீளமாக உள்ளே போகிறது. வெளியே அலை ஆளைத் தூக்கிப் போடும் நாளில்கூட உள்ளே தேநீர்க் குவளை மேசையில் அசையாமல் நிற்கும்.

இந்த ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் கப்பல்கள் முதலில் காணும் ஐரோப்பியக் கரைகளில் இதுவும் ஒன்று. அதனால் செய்தி நிறுவனம் நடத்திய ராய்ட்டர் 1863இல் கார்க் நகரத்திலிருந்து இங்கே வரை தந்திக் கம்பி இழுத்தார். கப்பல்கள் செய்தியை டப்பாவில் அடைத்துக் கடலில் போடும், படகுக்காரர்கள் எடுத்து வருவார்கள், லண்டனுக்குத் தந்தி பறக்கும். அப்புறம் மார்க்கோனி வந்து பக்கத்துக் குன்றில் கம்பியில்லாத் தந்தி நிலையம் வைத்தார். இன்று அந்தப் பரபரப்பு எதுவும் இல்லை.

பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டு, நங்கூரம் மட்டும் இதுவரை தனியாகப் பாய்ச்சாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். படகு சுமார் 9 மீட்டர் நீளம், அதன் அடிப்பகுதி நீருக்குள் 1.5 மீட்டர் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் படகின் கணக்கு வேறாக இருந்தால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்: காற்றைக் கேளுங்கள்

நம் கரையில் மேற்குக் காற்றைக் கச்சான் என்றும் கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும் சொல்வார்கள். அயர்லாந்தின் இந்தப் பக்கம் பெரும்பாலும் கச்சான் ராஜ்யம்தான், தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும். குரூக்ஹேவனுக்கு அது பிரச்சினை இல்லை. கொண்டல் வலுத்தால்தான் சிக்கல், ஏனென்றால் துறையின் வாய் கிழக்கே திறந்திருக்கிறது. அயர்லாந்தின் வானிலை மையமான மெட் ஏரன் வெளியிடும் கடற்பகுதி முன்னறிவிப்பைப் பாருங்கள். அதையே ஐரிஷ் கடலோரக் காவல் படையினர் விஎச்எஃப் ரேடியோவிலும் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை வாசிப்பார்கள். இன்று மாலை மட்டும் பார்த்தால் போதாது, நாளைக் காலை வரை பாருங்கள். நீங்கள் தூங்கும் நேரத்தில்தான் காற்று திசை மாறும்.

லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு வரி: 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் படகு ஓடும்போது மேல்தளத்தில் அதை அணிந்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தண்ணீர் கோடையிலும் குளிர்.

நுழைவு

கிழக்கே இதே கரையில் இருக்கும் பால்டிமோர் ஊரிலிருந்து வந்தால் சுமார் 13 கடல் மைல், நிதானமாக வந்தாலும் மூன்று மணி நேரம் போதும். ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வர ஆசைப்படுபவர்கள் அதிகம். 1904இல் முடிந்த கருங்கல் கலங்கரை விளக்கம் அது, கடலுக்கு நடுவே ஒற்றைக் கல்லில் நிற்கிறது, பார்க்க வேண்டியதுதான். அங்கிருந்து துறை வாய் வடமேற்கே ஆறரை மைல்.

அப்படித் தென்கிழக்கிலிருந்து வருபவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். துறை வாய்க்குத் தெற்கே ஆல்டர்மேன் பாறைகள் கிடக்கின்றன. அவற்றுக்கும் கரைக்கும் நடுவே புகுந்து போகலாம் என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் போக வேண்டாம். பாறைகளைத் தாராளமாக இடப்பக்கம் விட்டு, கிழக்கே சுற்றி வாருங்கள். வடகரையில் ராக் ஐலண்ட் முனையில் வெள்ளைக் கோபுரமாக ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும். அது வலப்பக்கம். இடப்பக்கம் பிளாக் ஹார்ஸ் பாறைகள்மேல் ஒரு கம்பம்: மேலே கறுப்பு, கீழே மஞ்சள், உச்சியில் மேல்நோக்கிய இரண்டு கூம்புகள். உலகத்தில் எங்கே பார்த்தாலும் இதற்கு ஒரே பொருள்தான், எனக்கு வடக்கே போ. ஆகவே கம்பத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே நுழையுங்கள்.

ராத்திரியிலும் வரலாம், விளக்கு வெள்ளையும் சிவப்புமாகப் பிரித்துக் காட்டும். ஆனால் முதல் தடவை பகலிலேயே வாருங்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும், அவசரப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கிற கூடைகள். வாய்ப்பகுதியில் அவற்றின் மிதவைகள் ஆங்காங்கே ஆடும். கயிறு புரொபெல்லரில் சிக்கினால் பாறை பக்கத்தில் இருக்கும்போது எஞ்சின் நின்றுபோகும். ஒருவரை முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வந்ததும் எஞ்சினைப் போட்டு, காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பிப் பாய்களை இறக்குங்கள். பாயிலேயே வந்து நங்கூரம் பாய்ச்சுவது அழகுதான், அது அடுத்த வருடத்துக்கு.

இடம் தேடுதல்

வாயில் சுமார் 10 மீட்டர் ஆழம், ஊருக்கு நேரே வரும்போது 3 மீட்டருக்கு இறங்கும். அடித்தரை சேறு. நங்கூரத்துக்குச் சேற்றைவிட நல்ல மெத்தை கிடையாது. ஆனால் ஆங்காங்கே கடற்பாசி படர்ந்திருக்கும். பாசிமேல் விழுந்த நங்கூரம் பிடித்தது போலப் பாவனை காட்டும்.

நினைத்த இடத்தில் உடனே இறக்காதீர்கள். முதலில் மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். ஆழமானியை, அதாவது எக்கோ சவுண்டரைப் பார்த்துக்கொண்டே சுற்றினால், படகு நாளைக் காலைக்குள் எங்கெல்லாம் ஊசலாடுமோ அங்கெல்லாம் ஆழம் தெரிந்துவிடும். ஊர்ப் படகுகள் நிரந்தர மிதவைகளில் கட்டியிருக்கும். அவை சின்ன வட்டத்தில் சுற்றும், சங்கிலி நீட்டி நிற்கும் நீங்கள் பெரிய வட்டத்தில் சுற்றுவீர்கள். மாலையில் நல்ல இடைவெளி போலத் தெரிவது, காற்று திரும்பினால் நள்ளிரவில் இடிக்கும் இடைவெளியாகிவிடும். ஆகவே மிதவைகளை விட்டு விலகி நில்லுங்கள். ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன, டிங்கி என்ற சின்னப் படகில் ஐந்து நிமிடம் கூடுதலாகத் துடுப்புப் போட வேண்டும், அவ்வளவுதானே.

கணக்கு

இதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன். என் முதல் இரவில் ஆழமானி 4 மீட்டர் காட்டியது, 12 மீட்டர் சங்கிலி விட்டேன், மூன்று மடங்கு, போதும் என்று நினைத்தேன். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும் என்பதை மறந்தேன். இருட்டும் நேரத்தில் பக்கத்துப் படகுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் நாங்கள் அவரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஓதம் சுமார் 3 மீட்டர் ஏறி இறங்கும். கார்க் நகரத்துப் பக்கத்தில் இருக்கும் கோவ் துறைமுகத்து ஓத அட்டவணையில் அன்றைய நேரத்தைப் பார்த்து, குரூக்ஹேவனுக்கான வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பகல் 12 மணிக்குக் கடைசி வற்றம், மாலை 6 மணிக்கு முழு ஏற்றம் என்று வையுங்கள். ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். அதாவது முதல் மணியில் 25 சென்டிமீட்டர், அடுத்ததில் 50, நடு இரண்டு மணிகளிலும் 75, பிறகு 50, கடைசியில் 25.

நீங்கள் 3 மணிக்கு வருகிறீர்கள், ஆழம் 4 மீட்டர். பாதி ஏறிவிட்டது, இன்னும் 1.5 மீட்டர் ஏறும். ஆக 6 மணிக்கு 5.5 மீட்டர். அங்கிருந்து 3 மீட்டர் இறங்கினால் நள்ளிரவில் 2.5 மீட்டர். படகுக்கு 1.5 வேண்டும், அடியில் ஒரு மீட்டர் மிச்சம். தரை தட்டாது, நல்லது.

இனி சங்கிலி. அதிகபட்ச ஆழமான 5.5உடன், சங்கிலி புறப்படும் அணியத்தின், அதாவது படகு முன்முனையின் உயரம் 1 மீட்டரையும் சேருங்கள்: 6.5. முழுக்கச் சங்கிலி என்றால் நான்கு மடங்கு, 26 மீட்டர். நான் 30 விடுவேன். பெட்டியில் கிடக்கும் சங்கிலி யாரையும் காப்பாற்றியதில்லை. கயிறு கலந்த நங்கூரம் என்றால் ஏழு மடங்கு வேண்டும். கனமான சங்கிலி தரையோடு படுத்துக் கிடந்து நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்கும், அப்போதுதான் அது சேற்றைத் தோண்டிக்கொண்டு இறங்கும். சங்கிலி குறைந்தால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும்.

உங்கள் ஆழமானி நீர்மட்டத்திலிருந்து காட்டுகிறதா, படகின் அடியிலிருந்து காட்டுகிறதா என்பதையும் கரையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கணக்கு முழுதும் நீர்மட்டத்திலிருந்து.

பாய்ச்சுதல்

1. காற்றுக்கு எதிர்முகமாக, மற்றப் படகுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றனவோ அந்தப் பக்கமாகவே, மெல்ல வாருங்கள். சுக்கான்காரரும் அணியத்தில் நிற்பவரும் கை ஜாடைகளை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தத்தில் கத்தினால் கேட்காது, கேட்டால் சண்டைதான் வரும்.

2. படகு நின்று, பின்னால் நகரத் தொடங்கியதும் நங்கூரத்தை இறக்குங்கள். வீசாதீர்கள். தரை தொட்டது கையில் தெரியும். அங்கே மொத்தச் சங்கிலியையும் கொட்டினால் நங்கூரத்தின் தலைமேலேயே குவியல் விழுந்து சிக்கிக்கொள்ளும்.

3. படகு பின்வாங்க வாங்க, அதற்கேற்பச் சங்கிலியை விடுங்கள். 10 மீட்டருக்கு ஒரு வண்ணம் பூசியிருந்தால் எண்ணுவது சுலபம். பாதி போனதும் ஒரு நொடி இறுக்கி, அணியம் காற்றுக்கு நேராகத் திரும்புகிறதா என்று பார்த்து, மீதியையும் விட்டு இறுக்கமாகக் கட்டுங்கள்.

4. இப்போது ரிவர்ஸ் கியர். முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் கூட்டி, அரை நிமிடம். கையைச் சங்கிலிமேல் வையுங்கள். விறைத்து அமைதியாக இருந்தால் பிடித்துவிட்டது. நடுங்கினாலும் தடதடவென்று அதிர்ந்தாலும் தரையில் உழுதுகொண்டு வருகிறது.

கையை மட்டும் நம்ப வேண்டாம், கண்ணாலும் பாருங்கள். கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துக் கடலுக்கடியில் இருக்கும் பாரை, அதாவது பாறைத் திட்டைக் கண்டுபிடிப்பார்கள், கணியம் என்பார்கள். அதே வித்தைதான் இங்கேயும். பக்கவாட்டில் ஒரு வீட்டு மூலையும் அதன் பின்னால் ஒரு மின்கம்பமும் ஒரே கோட்டில் வருகிறதா? ரிவர்ஸில் இழுக்கும்போதும் அது கலையாமல் இருந்தால் சரி. கலைந்துகொண்டே போனால் நகர்கிறீர்கள்.

நகர்ந்தால் தயங்காமல் தூக்கி மறுபடி செய்யுங்கள். பப் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள்தான், பார்க்கட்டும். இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லையென்றால் பாசி என்று அர்த்தம், ஐம்பது மீட்டர் தள்ளிப் போங்கள்.

அதன் பிறகு

பகலில் முன்பக்கம் ஒரு கறுப்பு உருண்டை, இரவில் எல்லாத் திசைக்கும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு: நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு இது கடல் விதி. செல்பேசியில் நங்கூர அலாரம் போடுங்கள். ஆனால் கரைக்குப் போக அரை மணி நேரமாவது காத்திருந்து, அந்த வீட்டு மூலையையும் மின்கம்பத்தையும் இன்னொருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். இரவில் கொண்டல் எழுந்து வாய் வழியே அலை உருளத் தொடங்கினால், விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள். சங்கிலியைக் கூட்டி விட்டு ஒருவர் விழித்திருங்கள்.

காலையில் கிளம்பும்போது சங்கிலியை இழுத்துப் படகை முன்னே கொண்டுவர முயலாதீர்கள், முதுகு போய்விடும். எஞ்சினில் மெல்ல முன்னேறினால் தளரும், தளர்ந்ததை மட்டும் இழுங்கள். சங்கிலி செங்குத்தானதும் நங்கூரம் சேற்றைவிட்டு வரும். கறுப்புச் சேறு, நாற்றம் தூக்கும், ஒரு வாளியும் பிரஷும் அணியத்தில் தயாராக இருக்கட்டும். பாசிக் கற்றை சுற்றிக்கொண்டு வந்தால் கையால் பிய்க்க முடியாது, பல் வைத்த கத்தி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.