பெரிய குரோஷா போர்வை: திரும்பத் திரும்பப் பார்க்கும் சில தவறுகள்

குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை, கொஞ்சம் கைவந்ததுமே எல்லாருக்கும் ஒரு பெரிய போர்வை பின்னும் ஆசை வந்துவிடுகிறது. வாங்கிய நூலைக் கொண்டுவந்து பரப்பிக் காட்டுவார்கள். அதைப் பார்க்கும்போதே அந்தப் போர்வை எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம், நான் நடந்து வந்த பாதைதானே. தையலை எண்ணிக்கொண்டே போங்கள், ஆரம்பச் சங்கிலியை இறுக்கிப் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லா வீடியோவிலும் இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

உருண்டையைப் பார்த்து நிறம் எடுப்பது

உருண்டையாக இருக்கும்போது எல்லா நிறமும் அழகுதான். பின்னிய பிறகு கதை வேறு. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சின்ன நிழல் விழும். கீழ் வரிசையின் நிறம் மேல் வரிசைக்குள் எட்டிப் பார்க்கும். இரண்டு நிறமும் ஒரே அளவு வெளிறியதாகவோ ஒரே அளவு அடர்த்தியாகவோ இருந்தால், நாலடி தள்ளி நின்று பார்க்கும்போது கோடு காணாமல் போய் எல்லாம் கலங்கலாகத் தெரியும். இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், வெளிர்பச்சை, இளம் ஊதா என்று நான்கு எடுத்துவிட்டு, "நாலும் வேற வேற கலர்தானே, ஏன் எடுப்பாவே இல்ல?" என்று கேட்பவர்கள் நிறைய.

உருண்டைகளை வரிசையாக வைத்து ஃபோனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு உருண்டை ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். மொத்தத்தில் ஒன்றாவது நல்ல வெளிர், ஒன்றாவது நல்ல அடர் இருக்கட்டும். படம் எடுப்பது பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரத்தில். கடை விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே இருக்கும்.

அப்புறம் ஒரு அட்டைத் துண்டில் அதே நூல்களை, போர்வையில் வரப்போகும் வரிசைப்படி சுற்றுங்கள். எட்டு வரிசை வரும் நிறத்துக்கு எட்டுச் சுற்று, இரண்டு வரிசை நிறத்துக்கு இரண்டு. உருண்டையில் கண்ணைப் பறித்த ஆரஞ்சு, இரண்டு சுற்றுக்கு மேல் போனால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுவது அங்கேயே தெரிந்துவிடும். அட்டையைக் கண்ணில் படும் இடத்தில் சில நாள் வைத்திருங்கள். மூன்றாம் நாளே சலித்துப்போகும் நிறத்தோடு மூன்று மாதம் உட்கார முடியாது.

எத்தனை நிறம்?

மூன்று முதல் ஐந்து. போதும்.

நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. "இப்போதைக்குப் பாதி வாங்கறேன், மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். இந்த 'அப்புறம்' நிறையப் போர்வைகளைக் கெடுத்திருக்கிறது.

நூல் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நிறத்தின் எண். இன்னொன்று லாட் எண், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்பது. நிறத்தின் எண் ஒன்றாகவே இருந்தாலும் லாட் மாறினால் நிறம் ஒரு நூலிழை தள்ளிப் போகலாம். இரண்டு உருண்டையையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதுதான் இதில் மோசமான விஷயம்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் முழுக்க கிரீம் நிறத்தில் ஒரு போர்வை பின்னினார். அழகான சீரான கை. முக்கால்வாசியில் நூல் தீர்ந்தது. மறுபடி வாங்கினார், அதே நிறுவனம், அதே நிற எண். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பின்னியதால் எதுவும் தெரியவில்லை. முடித்துக் கட்டிலில் விரித்தபோது, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் பட்டு, குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் லேசான மஞ்சள், அந்தப் பக்கம் லேசான சாம்பல். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னோம். அவருக்கு அந்தக் கோட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அத்தனையையும் பிரித்தார்.

இத்தனைக்கும் எவ்வளவு நூல் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது பெரிய கணக்கே இல்லை. அதே நூல், அதே ஊசி, அதே தையலில் 15 செ.மீ.க்கு 15 செ.மீ. ஒரு துண்டு பின்னி, சமையலறைத் தராசில் நிறுங்கள். 14 கிராம் என்று வைத்துக்கொள்வோம். போர்வை 120க்கு 150 செ.மீ. என்றால் பரப்பு 18,000 சதுர செ.மீ. துண்டின் பரப்பு 225. வகுத்தால் 80. எண்பதைப் பதினாலால் பெருக்கினால் 1,120 கிராம். ஓரத்துக்கும் கைப்பிசகுக்கும் பத்து சதவீதத்துக்கு மேலேயே சேர்த்து 1,300 கிராம், அதாவது 100 கிராம் உருண்டை பதின்மூன்று. அத்தனையும் ஒரே லாட்டில், ஒரே தடவையில். கடையில் இல்லையென்றால் நிறத்தை மாற்றுங்கள். தையலை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும். சிங்கிள் குரோஷா என்ற குட்டைத் தையல் அடர்த்தியானது, அதே பரப்புக்கு டபுள் குரோஷா என்ற உயரமான தையலைவிட அதிக நூல் கேட்கும்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய லாட் தீரும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு உருண்டை மீதமிருக்கும்போதே புதியதை உள்ளே கொண்டுவந்து, இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லை கரைந்துவிடும். அல்லது புது லாட்டை முழுவதும் ஓரத்துக்கு ஒதுக்குங்கள். கோடுபோட்ட போர்வையிலும் சதுரங்களை இணைக்கும் போர்வையிலும் இந்தத் தொல்லை குறைவு, நடுவே வேறு நிறம் வந்து காப்பாற்றும். ஒரே நிறத்தில் பின்னுபவர்கள்தான் மாட்டுவார்கள். அவர்கள்தான் லேபிளையும் முதலில் குப்பையில் போடுவார்கள், ஏனோ தெரியவில்லை.

பலவண்ண நூலில் நுணுக்கமான வேலைப்பாடு

இரண்டில் ஒன்று போதும். இரண்டும் சேர்ந்தால் எதுவும் தெரியாது.

அடர்சிவப்பை வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பது

வைக்கலாம், சோதித்துவிட்டு. சிவப்பு நூலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, நனைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் துணி இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த நூல் இந்தப் போர்வைக்கு வேண்டாம்.

நூல் முனைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் முனைகள் நூற்றுக்கணக்கில் சேரும். பின்னலே முடிந்த பிறகும் அலமாரிக்குள் கிடக்கும் போர்வைகளில் பாதி இதனால்தான் கிடக்கின்றன. 15 செ.மீ. முனை விட்டு வெட்டுங்கள். அடுத்த நாள் ஊசியைத் தொடுவதற்கு முன்னால் நேற்றைய முனைகளை மட்டும் கோத்து முடியுங்கள். ஒரு திசையில் கோத்து, திரும்பி எதிர்த்திசையில் கொஞ்சம் கோத்தால் துவைக்கும்போது உருவிக்கொண்டு வராது. முனையே பிடிக்காதென்றால் கோடுகளை அகலமாக்குங்கள். அதுவும் நிறம் தேர்ந்தெடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டியது.

கட்டிலை அளந்துவிட்டு ஆரம்பிப்பது

முதல் போர்வைக்கு வேண்டாம். மடியில் போர்த்தும் அளவு போதும்.

மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பது

ஆரம்பத்தில் ஒரு மாலையில் ஒரு சாண் வளரும். நடுவில் வரும்போது எத்தனை பின்னினாலும் அப்படியே இருப்பதுபோலத் தோன்றும். வேகம் குறைந்திருக்காது, ஏற்கனவே பின்னியது பெரிதாகிவிட்டதால் இன்று பின்னியது கண்ணுக்குத் தெரிவதில்லை. உட்காரும்போது அன்றைய முதல் தையலில் ஒரு மார்க்கர், அதாவது அடையாளத்துக்கு மாட்டும் சின்னக் கொக்கி, மாட்டுங்கள். எழுந்திருக்கும்போது மார்க்கருக்கு மேலே இருப்பதை மட்டும் பாருங்கள்.

நிறத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். உங்களுக்கு மிகவும் பிடித்த நிறத்தை முதல் உருண்டையிலேயே தீர்த்துவிடாதீர்கள். சலிப்பு வரும் நடுப்பகுதியில் அது வரும்படி அடுக்கினால், 'இன்னும் நாலு வரிசை போனால் அந்த நீலம்' என்று கை தானாக ஓடும். வெயில் காலத்தில் மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாதவர்கள் ஒரே துண்டாக ஆரம்பிக்காமல் சதுரங்களாகப் பின்னலாம். சதுரம் பைக்குள்ளும் அடங்கும். ஆனால் கடைசியில் இணைக்கும் வேலை மலையாகக் குவியும். ஒவ்வொரு வரிசைச் சதுரம் முடிந்ததும் இணைத்துவிடுங்கள்.

ஊசியை உருவிக்கொண்டு மூட்டை கட்டுவது

இடைவெளி விடுவது தவறே இல்லை. ஊசியின் அளவு, தையல் எண்ணிக்கை, கடைசியாக முடித்த வரிசை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி நூலோடு வையுங்கள். திரும்ப எடுக்கும்போது கையின் இறுக்கம் மாறியிருக்கும், தனியாக ஒரு துண்டு பின்னிப் பழகிவிட்டுப் போர்வையைத் தொடுங்கள்.

எடுக்கவே மனம் வரவில்லையா? பின்னியவரைக்கும் சுற்றிலும் ஒரு ஓரம் போட்டு முடித்துவிடுங்கள். முக்கால் மீட்டர் அகலம் இருந்தால் அது குழந்தைக்கு, அதற்கும் குறைந்தால் நாற்காலிக்கு. மீதி நூலை லேபிளோடு எடுத்து வையுங்கள்.