டூம் மெட்டல் ஷோ: சின்ன கிளப்பில் ஒலி அமைப்பது எப்படி

டூம் என்பது மிக மெதுவாக, கனமாக வாசிக்கும் மெட்டல் இசை. நிமிடத்துக்கு 50 தாள அடி என்ற அதன் சவுக்க காலத்தில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 1.2 விநாடி ஓடுகிறது. வேகமான த்ராஷ் மெட்டலில் அந்த நேரத்துக்குள் நாலு அடி விழுந்து முந்தைய தவறை மூடிவிடும். டூமில் மூட எதுவும் இல்லை. கார்வை (நீட்டிப் பிடிக்கும் சுரம்) நீள நீள ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) இரைச்சலும் மைக்கின் ஊளையும் அறையின் அதிர்வும் அதோடு சேர்ந்து கேட்கும். அதனால் பாதி வேலை கதவு திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இங்கே சொல்வது 100 முதல் 150 பேர் நிற்கும் அறை, மூன்று பேண்ட், ஆளுக்கு 40 நிமிடம் என்ற கணக்குக்கு.

முதலில் டேப் எடுத்து அறையை அளக்கவும்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே தாழ்ந்த சுரங்கள் நிலை அலைகளாக மாட்டிக்கொள்ளும். கணக்கு எளிது: ஒலியின் வேகமான 343-ஐ (விநாடிக்கு மீட்டர்), மீட்டரில் அளந்த அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலை அலையின் ஹெர்ட்ஸ் கிடைக்கும்; அதை இரண்டால் பெருக்கினால் அடுத்தது. 5.6 மீட்டர் அகல அறைக்கு 30.6, 61. பி சுருதிக்கு இறக்கிய பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 30.9 ஹெர்ட்ஸ், கிட்டாரின் தடித்த தந்தி 61.7. இரண்டும் நேராக அதில் போய் விழுகின்றன. சி சுருதிக்கு 5.2 மீட்டரும், ஏ சுருதிக்கு 6.2 மீட்டரும் இதே வம்பைக் கொடுக்கும். சின்ன கிளப்புகள் பல இந்த அகலத்தில்தான் இருக்கின்றன.

சோதிக்க, பேஸ் வாசிப்பவரைத் தடித்த தந்தியைத் திறந்து அடித்து நீட்டச் சொல்லிவிட்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மெதுவாக நடக்கவும். சில இடத்தில் நெஞ்சை அழுத்தும், சில இடத்தில் ஆளே இல்லாத மாதிரி காணாமல் போகும். மிக்ஸரை அந்தக் காணாமல் போகும் இடத்தில் வைக்கவே கூடாது. அங்கே நிற்கும் சவுண்ட் இன்ஜினியர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். சுவரோரம் நிற்பவர்களுக்கு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) எதுவும் புரியாமல் வெறும் உறுமல் மட்டும் மிஞ்சும். மிக்ஸரை ஒரு மீட்டர் நகர்த்தினாலே கணிசமான வித்தியாசம் தெரியும். வீங்கும் சுரத்தை பேஸ் சேனலில் குறுகலாக 3 முதல் 6 டெசிபல் வெட்டலாம். ஆனால் வெற்றிடத்தை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது, முயலவும் வேண்டாம். பேஸ் கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்ந்த சுரம் இன்னும் வீங்கும் என்பதால், மூலையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கவும்.

தந்தி

பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி, 1971-இல் தன் பிளாக் சாபத் பேண்டின் மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களுக்குச் சுருதியை ஒன்றரை ஸ்வரம் இறக்கினார். அவர் போட்டது மெல்லிய தந்தி, அது அவர் விரலுக்கு ஏற்பாடு. முழு விரல்கள் உள்ளவர்கள் அதைப் பின்பற்றத் தேவையில்லை. தளர்ந்த மெல்லிய தந்தியை ஓங்கி அடித்தால் ஒலி முதலில் சுருதிக்கு மேலே எகிறி, பிறகு இறங்கி உட்காரும். இரண்டு கிட்டாரிலும் இது நடந்தால் ஒவ்வொரு கார்வையின் தொடக்கமும் கசங்கும். தந்தி நீளம் 24.75 அங்குலமுள்ள கிட்டாரில் சி சுருதிக்கு 12–60, பி சுருதிக்கு 13–62 அளவுத் தந்தி வரிசை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், மெல்லியதிலிருந்து தடித்தது வரை) பொருந்தும். தடித்த தந்திக்கு நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்தி தங்கும் பட்டையின்) பள்ளத்தை அரம் வைத்து அகலப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் தந்தி பள்ளத்தில் சிக்கி, வளைத்து விட்டபின் சுருதிக்குத் திரும்பாது. பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் சுருதி பார்த்து சேடிலை (மறுமுனையில் தந்தியைத் தாங்கும் துண்டை) பின்னால் தள்ளவும். இதை ஷோவுக்கு ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். புதுத் தந்தி இழுபட்டு அடங்க நாள் வேண்டும்.

ஆம்ப், கேபினெட், மின்சாரம்

கேபினெட்டுகளையும் டிரம் செட்டையும் மூன்று பேண்டும் பகிர்ந்துகொள்ளலாம். ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி), பெடல்கள் (காலால் மிதித்து இயக்கும் ஒலிமாற்றிகள்), ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் அவரவருடையது. இப்படிச் செய்தால் மாற்றத்துக்கு 15 நிமிடம் போதும்.

ஹெட் மாறும்போதுதான் விபத்து நடக்கிறது. 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம், 16 ஓம் இரண்டு என்றால் 8 ஓம். ஹெட்டின் பின்புறத் தேர்வியை அதற்கேற்ப வைக்கவும். கேபினெட் இணைக்காமல் டியூப் (வெற்றிடக் குழாய்) ஹெட்டை இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டார் கேபிளும் அதே முனையோடு அதே மாதிரி இருக்கும், ஆனால் உள்கம்பி மெல்லியது, சூடேறி உருகும். கேபினெட்டில் அதன் ஓம் அளவை எழுதி வெள்ளை டேப் ஒட்டிவிட்டால் இருட்டில் குழப்பமில்லை.

எவ்வளவு வாட் என்ற சண்டை தேவையற்றது. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் 3 டெசிபல்தான் வித்தியாசம். ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் நிற்கும் கிட்டாரிஸ்டின் முழங்காலைத் தாண்டி உயர்சுரம் போய்விடுவதால், தன் சத்தம் மங்கலாக இருப்பதாக நினைத்து ஏற்றுவார். முதல் வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். கேபினெட்டைச் சாய்த்து வைத்தாலோ பெட்டி மேல் ஏற்றினாலோ அவரே தானாகக் குறைப்பார்.

மேடையின் ஆம்ப், பெடல், மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே மின்சுற்று, ஒரே எர்த். விளக்குகளுக்கு வேறு சுற்று. அந்தச் சுற்று தாங்குமா என்று கிளப்பின் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். ஹம் (மின்சார இரைச்சல்) வருகிறது என்று எர்த் பின்னை வெட்டாதீர்கள். ஒரு கை தந்தியில் இருக்க உதடு மைக்கில் பட்டால் உயிர் போகும் வேலை அது. ஜெர்மேனியம் ஃபஸ் பெடல் (ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரால் ஒலியைச் சிதைப்பது) இருந்தால் கிட்டாருக்கு அடுத்து முதலில் அதை வைக்கவும். பஃபர் (சிக்னலை வலுவாக்கும் சுற்று) உள்ள பெடலுக்குப் பின்னால் வைத்தால் ஒலி கரகரவென்று மெலியும். நாய்ஸ் கேட் (ஒலி ஒரு வரம்புக்குக் கீழே போனால் அடைத்துவிடும் கருவி) பயன்படுத்தினால் அதன் வரம்பை மிகத் தாழ்வாக வையுங்கள், கார்வையின் வாலை அது கடித்துத் துப்பிவிடக் கூடாது.

சவுண்ட்செக்

கடைசியில் வாசிக்கும் பேண்ட் முதலில் சோதிக்க வேண்டும், முதலில் வாசிப்பவர்கள் கடைசியில். அப்போது மேடை அவர்களுக்குத் தயாராகவே நிற்கும்.

முதலில் மைக் இல்லாமல் டிரம். அதன் சத்தத்தை அந்த அறையில் குறைக்க முடியாது, ஆகவே மற்ற எல்லாம் அதை வைத்துத்தான் அளக்கப்படும். அடுத்து பாடகர் தன் இடத்தில் நிற்க, ஊளையிடும் வரை குரல் மைக்கை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கவும். இன்று குரல் போகக்கூடிய உச்சம் அதுதான். கிட்டார்கள் அதற்கு மேல் போனால் பாட்டு கேட்காது. எந்த மிக்ஸராலும் அதைக் காப்பாற்ற முடியாது. பலர் கிட்டாரிலிருந்து தொடங்கிக் கடைசியில் குரலைத் தேடுகிறார்கள், அதனால்தான் டூம் ஷோக்களில் பாடகர் வாயசைக்கிற மாதிரி தெரிகிறது. இவ்வளவு சின்ன அறையில் கூட்டத்தைப் பார்த்த பொது ஸ்பீக்கருக்குக் குரலும் கிக் டிரமும் கொஞ்சம் பேஸும் போதும். கிட்டார் கேபினெட்டிலிருந்தே வந்துவிடும்.

சோதனைப் பாட்டு முழுதாக வேண்டாம். ஒரே ரிஃபை முழு பேண்டும் நாலு தடவை வாசித்து, கடைசிச் சுரத்தை நீட்டி, சட்டென்று நிறுத்தவும். அந்த அமைதியில் மிஞ்சுவதைக் கேளுங்கள்: ஹம், மைக் ஊளை, ஸ்னேர் கம்பியின் சலசலப்பு. இவற்றைச் சரிசெய்தாலே போதும். கிட்டாரிஸ்ட் விரும்பிக் கொண்டுவரும் ஃபீட்பேக் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்த்துத் தரையில் டேப் ஒட்டுங்கள். கூட்டத்தின் நடுவில் அந்த இடத்தைத் தேடக் கூடாது.

மேடையேறியதும் கைவேகம் கூடும். 50 அடி 60 ஆனால் 40 நிமிடத் தொகுப்பு 33 நிமிடத்தில் முடிந்துவிடும். அதைவிடப் பாட்டின் எடை போய்விடும். டிரம்மர் இடது காலால் ஹை-ஹேட்டில் அரை அடிகளை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் இடைவெளி சுருங்காது.

காது

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 85 டெசிபல்-ஏ ஒலியில் 8 மணி நேரத்தை வரம்பாக வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம், 106-இல் நாலு நிமிடம்கூட இல்லை. ஆனால் ஏ அளவுகோல் 63 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 26 டெசிபலைக் குறைத்துக் காட்டும் என்பதால் டூமின் பாரம் அதில் பதிவாகாது. பிரான்ஸின் சட்டம் 15 நிமிடச் சராசரிக்கு 102 டெசிபல்-ஏ, 118 டெசிபல்-சி (தாழ்ந்த சுரத்தையும் ஏறக்குறைய முழுதாக எண்ணும் அளவுகோல்) என்று இரண்டு வரம்பு வைத்திருப்பது இதனால்தான். மீட்டரில் இரண்டையும் பாருங்கள். வாசலிலேயே நுரை அடைப்பான்களை இலவசமாக வைக்கவும். அடைப்பானை உருட்டி மெலிதாக்கி, காதை மேல்நோக்கி இழுத்து உள்ளே செலுத்தி, விரியும் வரை பிடிக்க வேண்டும். முனையில் சொருகினால் பயனில்லை.

புகை இயந்திரம் வைப்பதாக இருந்தால் தீ எச்சரிக்கைக் கருவி பற்றி நிர்வாகத்திடம் முதல் நாளே பேசிவிடவும்.

ஷோ முடிந்ததும் ஹெட்டை அணைத்து, பத்து நிமிடம் தொடாமல் ஆறவிடவும். சூடான டியூபின் இழை சின்ன இடிக்கே அறுந்துபோகும். அந்த நேரத்தில் கேபிள்களைச் சுருட்டி எண்ணலாம். முதலில் வாசித்த பேண்டுக்கு அவர்கள் கிளம்புவதற்குள் பணத்தைக் கொடுத்துவிடலாம்.