டாவோவுக்குப் படிக்க வரும் பிள்ளைகளே, இந்த ஊர் மனிதர்களோடு பழகுவது இப்படித்தான்

பிலிப்பைன்ஸ் நாட்டின் டாவோ நகரில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறேன். மருத்துவம் படிக்க வருகிறவர்கள் விசா, ஃபீஸ், ஹாஸ்டல் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். இங்கே எதை மரியாதை என்பார்கள், எதற்கு மனம் நோவார்கள் என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

வந்ததும் ஒரு ஜீப்னியில், அதாவது இங்கே ஓடும் ஷேர் வண்டியில் ஏறி, பின்பக்க வாசலை ஒட்டி உட்காருங்கள். இருபது பெசோவை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். நாலைந்து கை மாறி அது டிரைவரிடம் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். கண்டக்டர் கிடையாது. நடுவில் காசு குறைந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு மேலே ஜெபமாலை தொங்கும், ஏசு படம் இருக்கும். ஆனால் அந்தக் காசைப் பத்திரமாகக் கடத்துவது சாமி பயம் மட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவரும் நானும் வேறில்லை என்ற எண்ணம் இவர்களிடம் உண்டு, காப்வா என்பார்கள். விர்ஜீலியோ என்ரீக்கஸ் என்ற உளவியலாளர் பிலிப்பினோ குணங்களுக்கெல்லாம் அடித்தளமாக வைத்தது இதைத்தான். உங்கள் கைக்குக் காசு வந்தால் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக் கொடுங்கள்.

யார் வீட்டுக்காவது போனால் முதலில் பெரியவர்களிடம் போங்கள். பிள்ளைகள் குனிந்து, தாத்தா பாட்டியின் புறங்கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் அந்த வீட்டில் உங்களுக்குத் தனி இடம் கிடைத்துவிடும். 1521-இல் ஸ்பெயின் அனுப்பிய கடலோடி மெகல்லன் வந்து, 1565-இல் ஸ்பானியர்கள் நிலையாகக் காலூன்றிய பிறகுதான் கத்தோலிக்க மதம் இங்கே பரவியது. சொந்தபந்தத்தைக் கட்டிக் காக்கும் வழக்கம் அதற்கும் முந்தையது. புது மதம் அதை அழிக்கவில்லை, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஞானஸ்நானத்துக்கு நிற்கும் நினாங், நினோங் என்ற ஞானப் பெற்றோர் அன்றிலிருந்து சொந்தக்காரர்கள்தான். பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமை என்று 1987 அரசியல் சாசனமே சொல்கிறது. ஆசியாவில் வேறு இடங்களிலும் இதே எண்ணம் சட்டமாகியிருக்கிறது. சிங்கப்பூரில் பிள்ளைகள் கைவிட்டால், வயதான பெற்றோர் ஜீவனாம்சம் கேட்க 1995-லேயே சட்டம் வந்துவிட்டது.

அடுத்தது ஹியா, அதாவது நாலு பேர் முன்னால் தலைகுனிவு வரக் கூடாது என்ற கூச்சம். என் சமையலறையில் இருக்கும் அக்காவிடம், “குழம்பில் உப்பு கூடிவிட்டது” என்று பிள்ளைகள் முன்னால் சொல்ல மாட்டேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் பக்கத்தில் நின்று சொல்வேன். அவர் வாய் திறக்காமல் இரண்டு புருவத்தையும் தூக்குவார். அது இங்கே “சரி” என்பதற்கு அடையாளம், அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். கிளாஸ்மேட் ஒருவர் தயங்கித் தயங்கி “ட்ரை பண்றேன்” என்றால் பெரும்பாலும் முடியாது என்றுதான் பொருள். வற்புறுத்தாதீர்கள்.

உதவி வாங்கினால் மறக்கக் கூடாது. உதாங் நா லோஆப் என்ற அந்த நன்றிக்கடனைக் காசு கொடுத்துத் தீர்க்க முடியாது. ஜுரத்தில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த வீட்டம்மாவிடம் ஐந்நூறு பெசோ நீட்டினால் முகம் சுருங்கிவிடும். ஊருக்குப் போய் வரும்போது ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்து கொடுங்கள். அவர் வீட்டில் சாவு விழுந்தால் போய் உட்காருங்கள். பல நாள் உடலை வைத்திருப்பார்கள். போகும்போது ஒரு தொகை கொடுக்க வேண்டும். மொய் எழுதிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நன்றிக்கடனில் எனக்கு மனம் ஒப்பாத பக்கமும் உண்டு. தம்பி தங்கைகளைப் படிக்க வைக்கிறேன் என்று துபாய்க்கும் ஹாங்காங்குக்கும் போய்த் தன் வாழ்க்கையையே தள்ளிப்போட்ட மூத்த பெண்களை இந்தத் தெருவிலேயே பார்க்கிறேன். அதைத் தியாகம் என்று வீடே புகழ்கிறது, பாதிரியாரும் புகழ்கிறார். ஆனால் “உனக்கு என்ன வேண்டும்?” என்று அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்க வேண்டும். தேர்தல் நேரத்தில் இதே நன்றியை வைத்து ஓட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லோரும் கத்தோலிக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். இது மிந்தனாவோ, முஸ்லிம்களும் வாழும் தெற்குத் தீவு. உங்கள் வகுப்பில் மரனாவ், மகிந்தனாவ் இன முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் லும்பியா என்ற ரோல், பான்சித் என்ற நூடுல்ஸ் எதிலும் பன்றி இறைச்சி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈகைத் திருநாள் 2002 முதல் நாடு முழுக்க விடுமுறை. மணமுறிவுக்குச் சட்டம் இல்லாத நாடு இது. ஆனால் முஸ்லிம்களுக்கு 1977-இல் தனிச் சட்டம் வந்தது, அதில் வழி இருக்கிறது. அதனால் குடும்பக் கதைகளைத் துருவிக் கேட்காதீர்கள். பிரிந்து வாழ்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை நடக்கும். நண்பர்கள் கூப்பிட்டால் போங்கள். எந்த மதமானாலும் பின்வரிசையில் நிற்கலாம். நன்மை, அதாவது பாதிரியார் தரும் அப்பம் வாங்கும் வரிசையில் மட்டும் சேராதீர்கள், அது கத்தோலிக்கர்களுக்கு உரியது. முடிந்ததும் வெளியே புட்டோ மாயா என்ற ஒட்டரிசிச் சோறும், சிக்வாத்தே என்ற சூடான சாக்லேட் பானமும் விற்பார்கள். கூட்டிப்போனவர் உங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பார். மறுநாள் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.