‘மட்’ நிரலில் மடல் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவாரூர்ப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று இருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு மேட்டூர் நீர்மட்டமும் முதல் நாள் நெல் கொள்முதல் கணக்கும் பத்துப் பேருக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். ஒருவர் உட்கார்ந்து பிரவுசரைத் திறந்து ஃபைலை இணைத்து அனுப்பலாம்தான். குறுவை அறுவடை நேரத்தில் யாருக்குப் பொழுது இருக்கிறது? இந்த வேலைக்கு மட் (mutt) தோதான மின்னஞ்சல் நிரல். 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதியது, எழுத்துத் திரையிலேயே இயங்குவது. ஒரே வரிக் கட்டளையில் மடல் போய்விடும். போகாமலும் இருக்கும்; யாருக்கோ போகவும் கூடும்.

காரணம், அந்த ஒரு வரியை மூன்று பேர் படிக்கிறார்கள். முதலில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் நிரல்), பிறகு ஷெல் (அடிக்கும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல்), கடைசியில்தான் மட். மூவருக்கும் இலக்கணம் வேறு. ‘மட் சரியில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை மட்டின் கைக்கு வரி வருவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

ஒரு குறிப்பு: ஆப்ஷன் எழுத்துகளையும் (கட்டளையோடு சேர்க்கும் -எஸ், -ஏ போன்றவை) கட்டளைகளையும் இங்கே தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும். பெரிய எழுத்து என்றால் ‘பெரிய’ என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறோம். சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

இரட்டைக் கோட்டை விட்டுவிடுவது

இணைப்போடு மடல் அனுப்பும் சரியான வடிவம் இது (-எஸ் மடலின் தலைப்புக்கு, -ஏ இணைப்புக்கு, உடல்.டிஎக்ஸ்டி மடலின் வாசகம் உள்ள ஃபைல்):

மட் -எஸ் "கொள்முதல் கணக்கு" -ஏ கணக்கு.பிடிஎஃப் -- முகவரி < உடல்.டிஎக்ஸ்டி

நடுவில் தனியாக நிற்கும் அந்த இரட்டைக் கோடு அலங்காரம் அல்ல. -ஏ ஒரு ஃபைலோடு நிற்காது. பின்னால் வருவதையெல்லாம் ஃபைல் பெயராகவே எடுத்துக்கொண்டு போகும். இரட்டைக் கோடு வந்தால்தான் ‘ஃபைல்கள் முடிந்தன, இனி முகவரிகள்’ என்று அதற்குத் தெரியும். கோட்டை விட்டால் மின்னஞ்சல் முகவரியையும் ஃபைலாக நினைத்துத் தேடும். அந்த முகவரியின் பெயரைப் போட்டு இணைக்க முடியவில்லை என்றோ, பெறுநர் யாரும் இல்லை என்றோ பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் கோடு இல்லாத வடிவம் இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

இந்தப் பேராசையில் ஒரு லாபமும் உண்டு. ஓர் அடைவில் உள்ள எல்லா பிடிஎஃப்களையும் -ஏ *.பிடிஎஃப் என்று ஒரே அடியாக இணைக்கலாம். ஆனால் ஜிமெயில் வழியாக அனுப்பினால் மொத்த அளவு 25 எம்பியைத் தாண்டக் கூடாது. இணைப்பு மடலில் ஏறும்போது பேஸ்64 குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால், ஃபைல்கள் 18 எம்பிக்குள் இருப்பது நல்லது.

மேற்கோள் குறி இல்லாத தலைப்பு

மட் -எஸ் மேட்டூர் நீர்மட்டம் முகவரி

இதை ஷெல் இடைவெளி பார்த்துத் துண்டாக்கும். -எஸ் பிடித்துக்கொள்வது ‘மேட்டூர்’ என்ற ஒரு சொல்லை மட்டும். ‘நீர்மட்டம்’ என்பவர் ஒரு பெறுநர் ஆகிவிடுவார்! அதே கணினியில் அப்படி ஒரு பயனர் இருப்பதாக நினைத்து அவருக்கும் மடல் கிளம்பும், பிறகு திரும்பி வரும். சில சர்வர்கள் இந்த ஒரு தப்பான பெறுநரால் மடலையே மறுத்துவிடும். தலைப்பை எப்போதும் மேற்கோளுக்குள் போடுங்கள். ஃபைல் பெயருக்கும் இதே விதி: ‘மாப்பிள்ளைச் சம்பா விலை.பிடிஎஃப்’ மேற்கோள் இல்லாமல் போனால் மூன்று ஃபைல்கள், மூன்றும் இல்லாத ஃபைல்கள்.

ஒற்றை மேற்கோளா, இரட்டை மேற்கோளா என்பதும் முக்கியம். இரட்டைக்குள் டாலர் குறி வந்தால் ஷெல் அதை விரித்துவிடும். -ஈ ஆப்ஷனில் மட்டின் அமைப்புக் கட்டளையைக் கொடுக்கும்போது வெளியே ஒற்றை, உள்ளே இரட்டை என்று வைத்துக்கொண்டால் தலைவலி குறையும்:

மட் -ஈ 'செட் ரியல்நேம்="கொள்முதல் நிலையம்"' ...

-எஃப் ஆப்ஷனில் அஞ்சல் பெட்டியைச் சுருக்கக் குறியால் சொல்லும்போதும் கவனம். மட்டுக்கு ‘>’ என்றால் படித்த மடல்களின் பெட்டி, ‘<’ என்றால் அனுப்பியவற்றின் பெட்டி, ‘!’ என்றால் வரவுப் பெட்டி. ஷெல்லுக்கோ மூன்றுக்கும் வேறு பொருள். சமக்குறியில் தொடங்கும் பெட்டிப் பெயர் பாஷ் என்ற ஷெல்லில் ஓடும், இசட்-ஷெல்லில் ஓடாது. இவற்றையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்துவிடுங்கள்.

சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும்

இந்த ஜோடிகளில்தான் பழகியவர்களும் சறுக்குகிறார்கள். -எஃப் அஞ்சல் பெட்டியைத் திறக்கும். -பெரிய எஃப் வேறோர் அமைப்பு ஃபைலைப் படிக்கும். -எச் உதவி காட்டும். -பெரிய எச் ஒரு வரைவு ஃபைலை அதன் தலைப்பு வரிகளோடு (அனுப்புநர், பெறுநர் போன்றவை) எடுக்கும். அந்த வரைவில் தலைப்பு வரிகளுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வெற்று வரி கட்டாயம். -ஏ இணைக்கும், -பெரிய ஏ ஒரு சுருக்கப் பெயருக்கு உரிய முகவரியைத் திரையில் காட்டிவிட்டு முடித்துக்கொள்ளும், மடல் எதுவும் போகாது.

கடைசி ஜோடி அடிக்கடி மாட்டிவிடுவதற்குக் காரணம், ‘மெயில்’ என்ற கட்டளையிலிருந்து வரிகளை நகலெடுப்பது. அந்தக் கட்டளையில் வகைகள் உண்டு. ஜிஎன்யு மெயில்யுட்டில்ஸ் வகையில் இணைப்புக்குப் பெரிய ஏ. அங்கே சின்ன ஏ தலைப்பு வரி சேர்ப்பதற்கு. டெபியன் லினக்ஸின் பிஎஸ்டி-மெயில்எக்ஸ் வகையிலும் சின்ன ஏ தலைப்பு வரிக்குத்தான். மட்டில் சின்ன ஏதான் இணைப்பு. மூன்றையும் ஒன்றாக நினைத்து ஸ்கிரிப்டை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போட்டால் இணைப்பில்லாத மடல்கள் போய்க்கொண்டிருக்கும். பெறுகிறவர் போன் செய்து கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

-சி (நகல்), -பி (மறை நகல்) இரண்டுக்கும் பின்னால் வரும் முதல் சொல் மட்டும்தான் அவற்றுக்குச் சொந்தம். இரண்டாவது முகவரி நேரடிப் பெறுநர் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். ஆளுக்கு ஒரு -சி போடுங்கள். மறை நகல் உண்மையில் மறைகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ‘மட் -பெரிய க்யூ ரைட்_பிசிசி’ என்று கேட்டால் இப்போதைய மதிப்பைச் சொல்லும். பழைய பதிப்புகளில் அது இயல்பாகவே ‘யெஸ்’, அதாவது மறை நகல் வரியும் மடலில் எழுதப்படும். அனுப்பும் சர்வர் அந்த வரியை நீக்காவிட்டால் மறைத்த பெயர்கள் எல்லோர் கண்ணிலும் படும். ‘நோ’ என்று அமைத்துவிடுங்கள்.

கையில் ஓடும், கிரானில் ஓடாது

இதுதான் பெரிய கிணறு. டெர்மினலில் அழகாகப் போன மடல் மறுநாள் காலை எட்டு மணிக்குப் போகவில்லை என்றால், வரிசையாக நான்கைப் பாருங்கள்.

முதலாவது, சதவீதக் குறி. தலைப்பில் தேதி வரட்டும் என்று ‘டேட் +%டி’ போட்டிருப்பீர்கள். கிரானுக்கான கட்டளைகளை எழுதும் கிரான்டேபில் % என்றால் வரி முடிந்தது என்று பொருள். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். ஒவ்வொரு சதவீதத்துக்கும் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். இல்லையென்றால் வரியை ஒரு ஷெல் ஸ்கிரிப்டுக்குள் வைத்து, கிரானிலிருந்து ஸ்கிரிப்டை மட்டும் கூப்பிடுங்கள். எங்கள் பரிந்துரை இரண்டாவதுதான்.

இரண்டாவது, தமிழ். மட் எழுத்துருக் குறியாக்கத்தைக் கணினியின் மொழி அமைப்பிலிருந்து எடுக்கிறது. டெர்மினலில் அது யுடிஎஃப்-8. கிரானில் பல கணினிகளில் எதுவும் அமைக்கப்படாமல் வெறும் ‘சி’யாக இருக்கும். அப்போது தமிழ் உடல் ‘அன்நோன்-8பிட்’ என்ற முத்திரையோடு கிளம்பும். வாங்குகிறவர் திரையில் கேள்விக்குறிகளோ கோணல் எழுத்துகளோ வரும். ஸ்கிரிப்டின் தலையில் ‘எக்ஸ்போர்ட் லேங்=சி.யுடிஎஃப்-8’ என்று ஒரு வரி போட்டால் போதும் (லேங், சி, யுடிஎஃப் மூன்றும் பெரிய எழுத்து). புதிய லினக்ஸ்கள் பெரும்பாலானவற்றில் இந்த அமைப்பு ஏற்கெனவே இருக்கும்.

மூன்றாவது, யாருடைய கிரான்? ரூட்டின் (கணினி நிர்வாகிக் கணக்கின்) கிரானில் போட்டால் ரூட்டின் அமைப்பு ஃபைலையே மட் தேடும். உங்கள் வீட்டு அடைவில் உள்ளதைப் பார்க்காது. அனுப்புநர் முகவரி மாறும், சர்வர் விவரமும் கிடைக்காது. -பெரிய எஃப் போட்டு முழுப் பாதையைக் கொடுங்கள். அப்போதும் கணினி முழுமைக்குமான பொது அமைப்பு ஃபைலை மட் படிக்கும். அதுவும் வேண்டாம் என்றால் -என்.

நான்காவது, உடல். டெர்மினலில் உள்ளீடு கொடுக்காமல் அடித்தால் எழுதும் திரை திறக்கும். கிரானில் திரை இல்லை; உள்ளீடும் காலி. மட் முணுமுணுக்காமல் வெற்று மடலை அனுப்பிவிடும். ‘<’ போட்டு உடல் ஃபைலைக் கொடுக்க மறக்க வேண்டாம்.

நாளைக் காலைவரை காத்திருக்காமல் சோதிக்க வழி உண்டு. ‘என்வ் -ஐ’ என்ற கட்டளையை ஸ்கிரிப்டுக்கு முன்னால் போட்டு ஓட்டினால் கிரானின் வறட்சியான சூழல் ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். பெறுநராக உங்கள் முகவரியைக் கொடுங்கள், பத்துப் பேருடையதை அல்ல.

பாஸ்வேர்டும் வரிசையும்

-ஈ ஆப்ஷனில் பாஸ்வேர்டு எழுதுவது கதவில் சாவியைத் தொங்கவிடுவது போலத்தான். அந்தக் கணினியில், ஓடும் கட்டளைகளைக் காட்டும் ‘பிஎஸ்’ அடிக்கிற எவரும் பார்க்கலாம், ஷெல் வரலாற்றிலும் கிடக்கும். அமைப்பு ஃபைலில் வைத்து அனுமதியை 600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத) ஆக்குங்கள். ஜிமெயிலுக்கு வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. 2022 மே மாத இறுதியில் அந்த வழி மூடப்பட்டது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும்.

மட் நேரடியாக வெளி சர்வரோடு பேசும்படி அமைத்திருந்தால், அந்த நிமிடம் இணையம் இல்லையென்றால் கதை முடிந்தது. அது வரிசையில் வைத்திருந்து மறுபடி முயலாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நாகை, வேதாரண்யம் பக்கம் மின்சாரமும் இணைப்பும் நாள்கணக்கில் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்; அவ்வளவு போக வேண்டாம், ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் லைன் போனாலே அன்றைய கணக்கு போகாது. அதே கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் நிரலை வைத்து மடலை அதனிடம் ஒப்படைத்தால், இயல்பாக 5 நாள்வரை வைத்திருந்து முயலும். ஆனால் அப்போது மட் திருப்பித் தரும் 0 என்ற எண்ணுக்கு ‘போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிக்கொண்டது’ என்று மட்டுமே பொருள். போய்ச் சேர்ந்ததா என்பதை அதன் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

அனுப்பிய ஒவ்வொரு மடலின் நகலையும் மட் வீட்டு அடைவில் ‘சென்ட்’ என்ற ஃபைலில் இணைப்போடு சேர்த்து வைக்கும். தினம் 2 எம்பி இணைப்பு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் குறைந்த கொள்ளளவு மெமரி அட்டை போட்டு ஓட்டுகிறவர்கள் -ஈ 'செட் காப்பி=நோ' சேர்த்துவிடுங்கள்.